கேளுங்கள் கிராணியை: "அதான் கிளவுட்ல இருக்கே!"

போன இதழில், சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவில் என் கணினிக் கடைக்கு வந்த ஒரு டயர் கடைக்காரர் "எல்லாம் கிளவுட்ல இருக்கு, பேக்கப் எதுக்கு?" என்று கேட்டதையும், தனியாக ஒரு நகல் எடுத்துச் சித்தி வீட்டு அலமாரியில் வையுங்கள் என்று நான் சொன்னதையும் நாலு வரி எழுதியிருந்தேன். (கிளவுட் என்றால் கூகுள் போன்றவர்களின் கணினியில் இணையம் வழியாகக் கோப்பு வைப்பது, பேக்கப் என்றால் காப்பு நகல்.) நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பிரிண்டர் மை, வைஃபை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் அப்பா ஈஜோக் பக்கம் செம்பனைக் குலை (எண்ணெய்ப் பனைக் குலை) வாங்கி ஆலைக்கு அனுப்புகிறார். எழுபது சிறுதோட்டக்காரர்களுக்கு மேல் எங்கள் ரேம்ப்பில் (குலை சேகரிக்கும் மேடையில்) குலை போடுகிறார்கள். யார் எத்தனை டன், யாருக்கு எவ்வளவு முன்பணம் என்று நான்கு வருஷக் கணக்கு எக்செல்லில், அப்பாவின் ஜிமெயில் டிரைவில் இருந்தது. ஜனவரியில் லேப்டாப்பில் இடமில்லை என்று அண்ணன் அந்தப் போல்டரை அழித்துவிட்டார். கேட்டால், "அதான் கிளவுட்ல இருக்கே" என்றார். மார்ச்சில் வரிக் கணக்குக்குத் தேடினால் எங்கும் இல்லை, குப்பைத் தொட்டியும் காலி. மீட்க முடியுமா? வீட்டில் இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.
(குலை வியாபாரியின் மகள், ஈஜோக்)

பதில்: முதலில் அண்ணனோடு பேசுங்கள், மகளே. அவர் செய்ததைச் செய்துவிட்டு என் கடை வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். லேப்டாப்பில் தெரிகிற அந்த டிரைவ் போல்டர் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. இங்கே பொட்டு வைத்தால் அங்கேயும் பொட்டு, இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். 'சிங்க்' என்று இதற்குப் பெயர். ஊர் முழுக்க இதைத்தான் பேக்கப் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

கூகுள் டிரைவில் அழித்தது குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், அப்புறம் தானாகவே போய்விடும். 2020 அக்டோபருக்கு முன்னால் நாமாகக் காலி செய்கிறவரை அப்படியே கிடந்தது. அந்தப் பழைய பழக்கத்தில் இன்றும் பலர் தைரியமாக இருக்கிறார்கள். நிறுவனங்கள் காசு கட்டி வைத்திருக்கும் வர்க்ஸ்பேஸ் கணக்கென்றால், தொட்டி காலியான பிறகும் 25 நாளுக்குள் கணக்கின் நிர்வாகி மீட்டுத் தரலாம். உங்களுடையது அப்பாவின் சாதாரண ஜிமெயில். ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது. கூகுள் உதவிப் பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், காசா பணமா. ஆனால் அதையே நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

வேறு இடங்களில் தேடுவோம். அண்ணன் லேப்டாப்பின் ரீசைக்கிள் பின்னைத் திறந்து பாருங்கள். டிரைவின் தொட்டி வேறு, கணினியின் தொட்டி வேறு. அங்கும் இல்லையென்றால் அந்த லேப்டாப்பில் புதிதாக எதையும் ஏற்றாமல் மூடி வையுங்கள். அழிந்ததைத் தோண்டி எடுக்கும் மென்பொருள்கள் உண்டு. பழைய சுழலும் ஹார்டிஸ்க்காக இருந்தால் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது, எஸ்எஸ்டியாக (சுழலாத புது வகை டிஸ்க்) இருந்தால் மிகக் குறைவு.

அடுத்து, அப்பாவின் கணக்கை வேறு எந்தக் கணினியிலாவது போட்டிருந்தீர்களா என்று யோசியுங்கள். சார்ஜர் கெட்டுப்போய் மேசைக்கடியில் ஒதுக்கிய ஒரு பழைய லேப்டாப் எல்லா வியாபாரிகளிடமும் இருக்கும். டிசம்பருக்குப் பிறகு அது இணையத்தையே பார்க்காமல் கிடந்திருந்தால், உங்கள் போல்டர் உள்ளே அப்படியே இருக்கலாம். ஒரு எச்சரிக்கை: வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு அதைத் திறங்கள். அதுவும் கண்ணாடிதான். இணையம் கிடைத்த மறுகணம் அழிந்த சேதி அதற்கும் போய்ச் சேரும், தன் பங்குக்கு அதுவும் அழித்துவிடும். இணையம் இல்லாமல் திறந்து, பென் டிரைவில் நகல் எடுத்துக்கொண்டு, அப்புறம் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

பிறகு வாட்சப். (ஆசிரியர் இதைப் 'புலனம்' என்று திருத்துவார். திருத்தட்டும், என் கடைக்கு வருகிற யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.) மாதக் கணக்கைக் கணக்காயருக்கோ அத்தைக்கோ எப்போதாவது அனுப்பியிருந்தால், அவர்கள் கைப்பேசியில் அந்தக் கோப்பு கிடக்கலாம். மின்னஞ்சலில் இணைத்து அனுப்பியவையும் போல்டரோடு சேர்ந்து அழியாது. நீங்கள் உங்கள் சொந்தக் கணக்கில் உருவாக்கி அப்பாவோடு பகிர்ந்த கோப்பு ஏதேனும் இருந்தால் அது உங்கள் பெயரில்தான் இருக்கும். டிரைவின் தேடலில் உரிமையாளர் என்ற இடத்தில் உங்களைத் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள்.

எதுவுமே கிடைக்காவிட்டால் ஆலை இருக்கிறது. நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு லோரிக்கும் அவர்களிடம் எடைச்சீட்டுக் கணக்கு இருக்கும். அதில் சிறுதோட்டக்காரர் பெயர் இருக்காது, லோரி மொத்தம்தான். ஆனாலும் மொத்தம் கையில் இருந்தால், ரேம்ப்பில் கொடுத்த சீட்டுகளின் அடிக்கட்டையை வைத்துக்கொண்டு பின்னாலிருந்து கட்டிக்கொண்டு வரலாம். குலைக் கணக்கு எனக்குப் புதிதில்லை. மலாயாவில் வியாபாரத்துக்காகச் செம்பனையை முதன்முதலில் நட்டதே எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917இல். இந்த ஊரில் பிறந்தவனுக்குக் குலையையும் கணக்கையும் சொல்லித் தரவேண்டியதில்லை.

நான் தோட்டத்து ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் கிராணி, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தா. செக்ரோல் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ ரப்பர் பால், எத்தனை குலை, சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, எல்லாம் அந்தப் பெரிய தாளில். கார்பன் வைத்து மூன்று படி எழுதுவோம். ஒன்று ஆபீசில் இருக்கும், ஒன்று மேட்டிலுள்ள பெரிய துரை (தோட்ட மேலாளர்) பங்களாவுக்கு, ஒன்று கோலாலம்பூர் ஏஜென்சி ஆபீசுக்கு. எனக்கு எரிச்சலாக இருக்கும். அழுத்தி எழுதி எழுதி நடுவிரலில் காய்ப்பு, இன்னும் போகவில்லை. நான் சேர்ந்த மூன்றாம் வருஷம், சம்பளத்துக்கு இரண்டு நாள் முன்னால், சிலாங்கூர் ஆறு ராத்திரியில் ஆபீசுக்குள் வந்துவிட்டது. காலையில் பார்த்தால் இடுப்பளவு தண்ணீர், செக்ரோல் கஞ்சி. மண்டோர் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) என்னைப் பார்க்கிறார், நான் மேட்டைப் பார்க்கிறேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பங்களாவுக்கு ஏறி இரண்டாம் படியை வாங்கி வந்தேன். சம்பளம் ஒரு நாள் தள்ளித்தான் போட்டோம், ஆனால் போட்டோம்.

உங்கள் ரேம்ப்புக்கும் அதேதான். இரண்டு வெளி ஹார்டிஸ்க் வாங்குங்கள், உங்கள் கணக்குக்கு இருப்பதிலேயே சின்ன அளவு போதும். ஒன்று வீட்டில், இன்னொன்று மேட்டுப் பங்களாவில், அதாவது வேறு ஊரில் இருக்கும் சித்தி வீட்டில். வாரம் ஒருநாள் வீட்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். மாதம் ஒருமுறை சித்தி வீட்டுக்குப் போகும்போது மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் தனிப் போல்டர் போடுங்கள், பழையதன் மேலேயே எழுதாதீர்கள். இந்த மாதம் தப்பாகத் திருத்திய கணக்கைப் போன மாத நகல்தான் காட்டிக்கொடுக்கும். நகல் எடுத்ததும் வயரைக் கழற்றிவிடுங்கள். கோப்புகளையெல்லாம் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால், செருகியிருக்கிற டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டும். பூட்டிய கோப்புகளைச் சிங்க் உடனே மேலே ஏற்றிவிடும், அதற்கு நல்லது கெட்டது தெரியாது. நம் பக்கத்து இடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்கால இடிக்கு அடுத்த நாள் காலையில் என் கடையில் கருகிய ரவுட்டர்கள் வரிசை கட்டி நிற்கும்.

அந்த டிஸ்க்கில் எழுபது பேரின் அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கப்போகிறது. பாஸ்வேர்ட் போட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். டிவிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கேள்வி: நான் டியூஷன் சென்டர் நடத்துகிறேன். உங்கள் போன மாதப் பதிலைப் படித்துவிட்டு டிரைவில் இருந்த எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துவிட்டேன். 340 கோப்பு, ஒரே நிமிஷத்தில் முடிந்துவிட்டது! இனி நிம்மதியாக இருக்கலாமா?
(டியூஷன் ஆசிரியை, புக்கிட் ரோத்தான்)

பதில்: ஒரே நிமிஷத்தில் முடிந்தது என்பதுதான் டீச்சர் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்தப் பென் டிரைவைத் திறந்து கோப்புகளின் அளவைப் பாருங்கள். ஒவ்வொன்றும் 1 கேபி என்று காட்டுகிறதா? பெயர் ஜிடாக், ஜிஷீட் என்று முடிகிறதா? அப்படியென்றால் உங்களிடம் 340 முகவரிச் சீட்டு இருக்கிறது, ஒரு பாடம்கூட இல்லை. கூகுள் டாக்ஸிலும் ஷீட்ஸிலும் உருவாக்கியவை கணினியின் டிரைவ் போல்டரில் வெறும் சுட்டியாகத்தான் இருக்கும். அதை அமுக்கினால் இணையத்துக்குப் போய் அங்கிருக்கும் அசலைத் திறக்கும். அங்கே அசல் போய்விட்டால் சீட்டை வைத்து என்ன செய்வது? வேர்ட், எக்செல், பிடிஎஃப் என்று ஏற்றியவை மட்டும் முழுசாக வந்திருக்கும்.

மேலே சொன்ன செக்ரோல் கதையில் ஒன்றை அந்த ஈஜோக் பிள்ளையிடம் மறைத்துவிட்டேன். பங்களாவிலிருந்து கொண்டுவந்த படியை ஆபீஸ் மேசையில் விரித்தேனா, ஒரு தாள் வெள்ளையாக இருந்தது. அந்தப் பக்கம் எழுதும்போது கார்பனைத் தலைகீழாக வைத்திருக்கிறேன். மை மேல்தாளின் முதுகில் ஏறியிருக்கிறது, அடித்தாளில் ஒரு எழுத்து இல்லை. பதினோரு பேர் சம்பளம். மாதம் முழுக்க அழுத்தி அழுத்தி எழுதி, படி எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக மேட்டுக்கு அனுப்பி வைத்திருக்கிறேன்! மண்டோர் இடுப்பில் செருகியிருந்த சின்ன நோட்டுப் புத்தகத்தால்தான் அந்தப் பதினோரு பேருக்கும் சோறு. அன்றிலிருந்து படி எடுத்தால் அடித்தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்காமல் மேலே எழுதியதில்லை.

உங்களுக்கு வேண்டியது 'கூகுள் டேக்அவுட்'. கணக்கில் நுழைந்து, எல்லாத் தேர்வையும் நீக்கிவிட்டு டிரைவை மட்டும் தேர்ந்தெடுங்கள். டாக்ஸ் எல்லாம் வேர்டாகவும் ஷீட்ஸ் எல்லாம் எக்செல்லாகவும் மாறி, ஜிப்பாகக் கட்டி, இறக்கிக்கொள்ளும் சுட்டி மின்னஞ்சலில் வரும். அது ஏறக்குறைய ஒரு வாரம்தான் உயிரோடிருக்கும், பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கேட்டு வைக்காதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தானாக எடுக்கும்படியும் வைக்கலாம். ஒரு வருஷத்துக்கு ஆறு முறை எடுக்கும், பிறகு நின்றுவிடும், மறுபடி நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஜிப்பை எங்கே வைப்பது என்று கேட்கும்போது 'டிரைவிலேயே சேர்' என்ற ஒரு வழியும் காட்டும். அதைத் தொடாதீர்கள். ஓட்டை வாளியிலிருந்து மொண்ட தண்ணீரை அதே வாளியில் ஊற்றுகிற வேலை.

எடுத்ததும், உங்கள் கணினியில் திறந்து பார்ப்பது போதாது. அங்கே கூகுள் கணக்கு திறந்தே இருக்கும், எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் லேப்டாப்பில், இணையத்தைத் துண்டித்துவிட்டு, மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு வினாத்தாளைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: தோட்டத்துக் கிராணியாக இருந்தவருக்குக் கூகுள், மைக்ரோசாப்ட் பற்றி என்ன தெரியும்? ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் காவல் காக்கும் இடத்தைவிட உங்கள் சித்தி வீட்டு அலமாரி பாதுகாப்பா? மக்களை வீணாகப் பயமுறுத்தாதீர்கள்.
(கணினித் துறையில் இருப்பவன், சுங்கை பூலோ)

பதில்: நியாயமான கோபம், தம்பி. அலமாரியைவிட அங்கே பாதுகாப்பு அதிகம் என்பதை நான் மறுக்கவே இல்லை. கிளவுட்டை விட்டுவிடுங்கள் என்றும் நான் எழுதவில்லை, என் கடைக் கணக்கே அங்கேதான் இருக்கிறது. அங்கே மட்டும் இருக்கக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

மே 2024இல் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதிக்கு நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அரை மில்லியனுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். கூகுள் கிளவுட் அமைப்பில் விட்டுப்போன ஒரு சின்னப் பிழையால் அங்கே அவர்கள் வைத்திருந்த தனி கிளவுட் சந்தாவே அழிந்தது. இரண்டு இடத்தில் நகல் வைத்திருந்தார்கள், ஆனால் இரண்டும் ஒரே சந்தாவுக்குக் கீழே, அதனால் இரண்டும் சேர்ந்தே போயின. உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேல் கணக்கைப் பார்க்க முடியவில்லை. மீண்டு வர உதவியது, வேறொரு நிறுவனத்திடம் தனியாக வைத்திருந்த நகல். அதுதான் அவர்களுடைய சித்தி வீடு.

2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் (கிளவுட் கணினிகள் இருக்கும் கட்டடம்) ஒன்று எரிந்து சாம்பலானது. அசலையும் நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். தென்கொரியாவில் 2025 செப்டம்பர் 26ஆம் தேதி டேஜோன் அரசுத் தரவு மையத்தில் பேட்டரித் தீ. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளைப் போட்டு வைத்திருந்த 'ஜி-டிரைவ்' 858 டெராபைட்டோடு போனது. அதற்கு வெளியில் நகலே இல்லை. உலகுக்கே கைப்பேசி விற்கும் நாடு, தம்பி.

இதெல்லாம் அபூர்வம் என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். என் கடைக்குத் தீ விபத்தால் கோப்பு இழந்து வந்தவர் ஒருவரும் இல்லை. வந்தவர்கள் எல்லாம் மகன் அழித்தது, வேலையாள் கோபத்தில் அழித்துவிட்டுப் போனது, தப்பாக மேலே எழுதியது, பாஸ்வேர்ட் தொலைந்தது. உங்கள் ஆயிரம் பொறியாளர்கள் அவர்களுடைய டிஸ்க் கெடாமல் காக்கிறார்கள். முதலாளியே வந்து 'அழி' என்று அமுக்கினால் அவர்கள் என்ன செய்ய முடியும், அழிப்பதுதான் அவர்கள் கடமை. மைக்ரோசாப்டின் சேவை ஒப்பந்தத்திலேயே, எங்களிடம் வைப்பதற்கு நீங்கள் தொடர்ந்து காப்பு நகல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பரிந்துரை எழுதியிருக்கிறது. படித்துப் பாருங்கள். ஒன்டிரைவ் தொட்டியில் தனியாள் கணக்குக்கு 30 நாள், நிறுவனக் கணக்குக்கு 93 நாள். இலவச டிராப்பாக்ஸில் 30 நாள். ஈஜோக்கில் இருந்து எழுதிய பிள்ளையின் அப்பாவுடையது தனியாள் கணக்கு, அந்த 30 நாள் அவர்களுக்கு எப்படி உதவியிருக்கும், சொல்லுங்கள்.

கேள்வி: மூன்று லோரி ஓட்டுகிறேன். இணையக் கணக்கு மென்பொருளுக்கு மாதாமாதம் காசு கட்டுகிறேன். இ-இன்வோய்ஸ் (வரி வாரியம் இணையத்தில் சரிபார்க்கும் இன்வோய்ஸ்) வேறு வந்துவிட்டது, எல்லாம் அரசாங்கத்திடமே இருக்கிறது. நான் ஏன் தனியாக வைக்க வேண்டும்?
(லோரிக்காரன், கோலசிலாங்கூர்)

பதில்: கணக்கை 7 ஆண்டுகள் வைத்திருக்கும் கடமை உங்கள் தலையில், அண்ணே. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 82ஆம் பிரிவு உங்களைத்தான் சொல்கிறது, மென்பொருள் விற்றவரை இல்லை. மின்னணு முறையில் வைக்கலாம், ஆனால் கேட்கும்போது எளிதில் எடுத்து எழுத்தாகக் காட்ட முடிய வேண்டும். வரி வாரியத்தின் மைஇன்வோய்ஸ் தளத்தில் சரிபார்த்த இன்வோய்ஸ்கள் அவர்களிடம் இருக்கும், சரி. அதற்காக உங்கள் ஆவணங்களை நீங்கள் வைக்காமல் இருக்க முடியாது என்று வாரியமே சொல்லியிருக்கிறது. டீசல் ரசீது, டயர் பில், டிரைவருக்குக் கொடுத்த முன்பணம் எல்லாம் அங்கேயா இருக்கிறது?

மென்பொருள் விஷயத்துக்கு வருவோம். ஒரு மாதம் காசு கட்டத் தவறினால் என்ன ஆகும், அந்த நிறுவனம் கடையை மூடினால் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறீர்களா? எனக்கே நடந்தது. நான் முதலில் வைத்திருந்த மென்பொருளை விட்டு வேறொன்றுக்கு மாறினேன். பழைய சந்தா முடிந்த அடுத்த வாரம் உள்ளே போகப் பார்த்தால், புதுப்பித்தால்தான் பார்க்கலாம் என்றது. என் கணக்கைப் பார்க்க ஒரு மாதச் சந்தா கட்டி உள்ளே போனேன். மாதக் கடைசியில் பேரேடு, இருப்பாய்வு (டிரயல் பேலன்ஸ்), இன்வோய்ஸ் பட்டியல், வாடிக்கையாளர் பட்டியல் நான்கையும் எக்செல்லாகவும் பிடிஎஃபாகவும் இறக்கி வையுங்கள். பதினைந்து நிமிஷ வேலை.

டீசல் ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலையாதீர்கள். அந்தச் சூட்டுக் காகிதத்தில் எழுத்து நாளாக நாளாக மங்கிவிடும், லோரி டேஷ்போர்டில் வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம். வாங்கிய அன்றே படம் எடுங்கள்.

கேள்வி: பிளவுஸ் தைக்கிறேன். வாடிக்கையாளர் அளவெல்லாம் வாட்சப்பில்தான். கைப்பேசி லோங்கானில் (சாக்கடையில்) விழுந்துவிட்டது. புதுக் கைப்பேசியில் வருமா?
(தையல்காரம்மா, ஜெராம்)

பதில்: அதே எண், அதே கூகுள் கணக்கு, பேக்கப் போட்டிருந்தால் வரும். ஆண்ட்ராய்டில் 2024இலிருந்து வாட்சப் பேக்கப்பும் உங்கள் இலவச 15 ஜிபிக்குள்தான் கணக்கு. கல்யாண வீட்டு வீடியோவெல்லாம் சேர்ந்து 15 நிறைந்துவிட்டால் பேக்கப் நின்றுவிடும், ஜிமெயிலுக்குக் கடிதம் வருவதும் நின்றுவிடும். கடைசியாக எந்தத் தேதியில் எடுத்திருக்கிறது என்று வாட்சப் அமைப்பிலேயே தெரியும். பேக்கப்புக்குத் தனிப் பாஸ்வேர்ட் போட்டிருந்தால் அது நினைவிருக்க வேண்டும், மறந்தால் வாட்சப்காரர்களாலும் திறக்க முடியாது.

அளவுக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள், அம்மா. சத்தியமாகச் சொல்கிறேன், உங்கள் தொழிலுக்கு அதைவிட நல்ல கருவி என் கடையில் இல்லை. எழுதிய பக்கத்தை மாதம் ஒருமுறை படம் எடுத்து மகளுக்கு அனுப்பி வையுங்கள்.

கேள்வி: என் கணவர் ஹார்ட்வேர் கடை வைத்திருந்தார். திடீரென்று தவறிவிட்டார். யார் கடன், எந்தச் சப்ளையருக்கு எவ்வளவு பாக்கி, எல்லாம் அவர் கைப்பேசியிலும் அவர் கணக்கிலும். எனக்கு ஒரு பாஸ்வேர்டும் தெரியாது. பிள்ளைகள் சின்னவர்கள்.
(பெயர் வேண்டாம், ரவாங்)

பதில்: வருத்தமாக இருக்கிறது, அம்மா. பதற வேண்டாம், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கடைக் கணினியில் அவர் கணக்கு இன்னும் திறந்த நிலையில் இருக்கும். யாரும் அதிலிருந்து வெளியேறிவிடக் கூடாது, 'சுத்தம் பண்ணித் தருகிறேன்' என்று எந்தத் தம்பி வந்தாலும் கொடுக்காதீர்கள். அது திறந்திருக்கும்போதே முக்கியமான கோப்புகளை ஒரு டிஸ்க்கில் இறக்கிக்கொள்ளுங்கள். அவருடைய சிம்முக்கு ரீலோட் போட்டு உயிரோடு வைத்திருங்கள், சரிபார்ப்பு எண்ணெல்லாம் அதற்குத்தான் வரும். அந்த எண் காலாவதியானால் பாதிக் கதவு அடைத்துவிடும். இறந்தவரின் கணக்கு பற்றிக் கூகுளிடம் குடும்பத்தார் விண்ணப்பிக்க ஒரு வழி உண்டு. இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள், பாஸ்வேர்டை மட்டும் யாருக்கும் தரமாட்டார்கள். தனியாள் கணக்கு 2 ஆண்டுகள் யாரும் தொடாமல் கிடந்தால் கூகுள் அதை அழிக்கலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள். அவசரப்பட்டு ஓட வேண்டியதில்லை, மறந்துவிடவும் கூடாது.

பாக்கி விஷயத்தில் சப்ளையர்களிடம் எழுத்தில் கணக்கறிக்கை கேளுங்கள். வாயால் சொல்வதை ஒப்புக்கொள்ளாதீர்கள். வங்கி வேலைக்குப் போகும்போது பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். கடைக் கணினியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வர முடிந்தால் வாருங்கள், காசு வேண்டாம்.

இதைப் படிக்கும் கடைக்காரர்களுக்கு: கூகுள் கணக்கு அமைப்பில் 'செயலற்ற கணக்கு நிர்வாகி' என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் 3 மாதத்திலிருந்து 18 மாதம்வரை குறிப்பிடும் காலத்துக்குக் கணக்கைத் தொடாவிட்டால், நீங்கள் சொன்னவர்களுக்குத் தகவலும் கோப்புகளும் போய்ச் சேரும். 10 பேர்வரை எழுதி வைக்கலாம். இரண்டு கட்டச் சரிபார்ப்பு போட்டிருந்தால், காப்புக் குறியீடு என்று எட்டு இலக்கத்தில் 10 எண் கூகுள் தரும், அதை அச்சடித்து வீட்டுக் கிராண்டோடு (நிலப் பட்டாவோடு) வைத்துப் பூட்டுங்கள், எங்கே இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். இன்று ராத்திரியே செய்யலாம்.

கேள்வி: எத்தனை நாளுக்கு ஒருமுறை நகல் எடுக்க வேண்டும்? ஒரு கணக்குச் சொல்லுங்கள்.
(கோயில் செயலாளர், பெஸ்தாரி ஜெயா)

பதில்: எத்தனை நாள் வேலை போனால் நினைவிலிருந்து திரும்ப எழுத முடியுமோ அத்தனை நாள். குலை வியாபாரிக்கு வாரம் ஒருமுறை என்று மேலே எழுதினேன், இப்போது யோசித்தால் விலை ஏறி இறங்கும் மாதங்களில் தினமும் எடுக்க வேண்டும். உங்கள் கோயிலுக்கு மாதம் ஒருமுறை போதும், திருவிழா வசூல் நடக்கும் வாரத்தில் தினமும். பழைய செயலாளரின் ஜிமெயிலில்தான் இன்னும் கோயில் கணக்கு இருக்கிறது என்று தேநீர்க் கடையில் கேள்விப்பட்டேன். அதை முதலில் கவனியுங்கள்.

அச்சுக்குப் போகும் முன்: ஈஜோக் பிள்ளை தொலைபேசியில் அழைத்தார். கடிதம் கைக்கு வந்த அன்றே நான் அவருக்குப் பதிலைத் தனியாக அனுப்பியிருந்தேன். மேசைக்கடியில் இல்லையாம், ரேம்ப் தராசுக்குப் பின்னால் உரமூட்டை மேல் ஒரு பழைய லேப்டாப் கிடைத்திருக்கிறது. பேட்டரி உப்பிப்போய் மூடியே சரியாக மூடவில்லை. வைஃபையை அணைத்துவிட்டு, பேட்டரியைக் கழற்றிவிட்டு, கடன் வாங்கிய சார்ஜரில் திறந்திருக்கிறார்கள். போல்டர் இருந்தது, போன ஆகஸ்டு வரை. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நான்கு மாதம் இல்லை. அதற்கு ஆலையிடம் அறிக்கை கேட்டிருக்கிறார்கள். அடிக்கட்டைகளை அண்ணன் ராத்திரியில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறாராம். உப்பிய பேட்டரியை என்ன செய்வது என்று கேட்டார். குப்பையில் போடாதீர்கள், குத்தாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், கடைக்குக் கொண்டுவாருங்கள் என்றேன்.